மணிக்கணக்கும் மாடிப்படியும்



சில வாரங்களுக்கு முன்னர் ஓர் இளம் குடும்பத்தலைவர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்திருந்தார். புதிதாக வீடு மாறியிருக்கிறார். "மணித்தியாலத்துக்கு இவ்வளவு எண்டுதான் சொன்னவங்கள் அண்ணை. மூண்டு மணித்தியால வேலை. ஆனா பில்லைப் பாத்தா அந்தக் கணக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. எங்களை ஏமாத்திப்போட்டாங்களோ, இல்லாட்டி இதுதான் வழமையோ?" என்று கேட்டார்.

அவருக்கு அன்றைக்கு இரண்டு வசனத்தில் பதில் சொன்னேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் அந்தக் கணக்கின் இரண்டு பக்கத்தையும் நான் பார்த்தவன். ஒருமுறை காசு கட்டி அழுதவன். இன்னொருமுறை அதே வேலையில் சாமான் தூக்கிக் கூலி வாங்கியவன். இரண்டையும் சேர்த்து, மொன்றியல் நகரத்தில் வீடு மாறுவதற்கு விலை எப்படி ஏற்பட்டது என்ற சரித்திரத்தை இந்த மாத உரையில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நடுத்தெருவில் ஒரு யூலை முதலாம் திகதி

நான் 1987 ஆம் ஆண்டு மொன்றியலுக்கு வந்தேன். அதற்கு முந்தைய ஆண்டு, 1986 ஓகஸ்ட் மாதத்தில், நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த எங்கள் ஆட்கள் 155 பேரை மீன்பிடிப் படகுக்காரர்கள் காப்பாற்றிய செய்தி உலகம் முழுக்கப் போயிருந்தது. அந்தக் காலத்தில் வந்த எங்களில் பலருடைய முதல் முகவரி கோட் டி நேஜ் பகுதிதான். ஒரு மூன்றரையில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். மூன்றரை, நாலரை என்று வீட்டை எண்ணும் பழக்கம் இந்த நகரத்துக்கே உரியது. குளியலறைதான் அந்த அரை. அது விளங்கவே எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

1990 ஆம் ஆண்டு மனைவியும் குழந்தையும் வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு பார்க் எக்ஸ்ரென்சனில் ஒரு நாலரை கிடைத்தது. மூன்றாம் மாடி. ஒப்பந்தம் யூலை முதலாம் திகதி தொடங்கியது. ஒரு வீடு மாற்றும் கொம்பனியைத் தொலைபேசியில் பிடித்தோம். இரண்டு ஆள், ஒரு ரக், மணித்தியாலத்துக்கு 45 டொலர் என்றார்கள். எங்களிடம் இருந்தது ஒரு பிறிட்ஜ், ஒரு அலுமாரி, இரண்டு மெத்தை, ஒரு பழைய செற்றி, பதினைந்து பெட்டி. இரண்டு மணித்தியாலம், தொண்ணூறு டொலர் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

காலையில் ரக் வந்ததும் பிரெஞ்சில் அச்சடித்த ஒரு தாளை நீட்டினார்கள். எனக்கு அப்போது "போன்ஷூர்", "மெர்சி" தவிர வேறொன்றும் தெரியாது. கையெழுத்து வைத்தேன். சாமான் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. புது வீட்டு வாசலில் ரக் நின்றது. பின்கதவைத் திறக்கவில்லை. முதலில் காசு என்றார்கள்.

யூலை முதலாம் திகதி என்பதால் மணித்தியாலம் 80 டொலர். ஆகக் குறைந்தது ஐந்து மணித்தியாலம். ரக் வந்து போவதற்கு ஒரு மணித்தியாலம். மூன்றாம் மாடிக்குப் புறம்பாக, பிறிட்ஜுக்குப் புறம்பாக. எல்லாம் அந்தத் தாளில் சின்ன எழுத்தில் இருந்ததாம். மொத்தம் அறுநூறு டொலருக்கு மேல் வந்தது. உணவகத்தில் பாத்திரம் கழுவி நான் உழைத்த மூன்று கிழமைச் சம்பளம் அது.

காசைவிட இன்னொன்றுதான் என்னை உலுக்கியது. மனைவியின் அகதி வழக்கு விசாரணை அந்த மாதக் கடைசியில் இருந்தது. ஊரிலிருந்து ஒவ்வொன்றாக வரவழைத்த கடிதங்கள், பிறப்புச் சான்றிதழ், மரணச் சான்றிதழ் எல்லாம் ஒரு மண்ணிறக் கோப்பில் இருந்தன. அந்தக் கோப்பு ரக்குக்குள் ஒரு பெட்டியில். எந்தப் பெட்டி என்றுகூட எனக்குத் தெரியாது. மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றா. பின்னேரத்துக்குள் ஐந்து வீட்டுக்காரர்கள் காசு சேர்த்துத் தந்தார்கள். அதன் பிறகுதான் கதவு திறந்தது. அந்தக் கடனை நான் கட்டி முடிக்க அடுத்த மார்கழி ஆனது.

ஏன் எல்லோரும் ஒரே நாளில் மாறுகிறார்கள்?

அன்றைக்கு என் மனதில் எழுந்த முதல் கேள்வி இது. தெருவின் இருபக்கமும் ரக்குகள். நடைபாதையெல்லாம் கட்டில், மெத்தை, அடுப்பு. ஒரு நகரமே இடம்பெயர்வதுபோல் இருந்தது. எங்களுக்கு இடம்பெயர்வு புதிதல்ல. ஆனால் இங்கே குண்டும் இல்லை, ஷெல்லும் இல்லை. பிறகு ஏன்?

விடை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பழையது. கியூபெக் பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் இருந்தபோது, 1750 ஆம் ஆண்டில், பிரான்சுவா பிகோ என்ற நிர்வாக அதிகாரி ஓர் ஆணை பிறப்பித்தார். வீடு மாறும் திகதி மே மாதம் முதலாம் திகதி என்று அந்த ஆணை வரையறுத்தது. பனி உருகி முடிந்து, வெப்பமும் தொடங்காத காலம். மாரி நடுவில் யாரும் தெருவில் நிற்க வேண்டிவராது என்பது நல்ல பக்கம். ஆட்சி பிரித்தானியரின் கைக்கு மாறிய பிறகும் பழக்கம் மாறவில்லை. 1866 இல் நடைமுறைக்கு வந்த கீழ்க் கனடாவின் குடியியல் சட்டக்கோவையும் நகர வீடுகளின் வாடகை ஆண்டை மே முதலாம் திகதியோடு இணைத்தது.

இதே பழக்கம் நியூயோர்க் நகரத்திலும் இருந்தது. அங்கேயும் மே முதலாம் திகதிதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு அது அங்கே மறைந்துபோனது. கியூபெக்கில் மறையவில்லை.

மே மாதத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. பள்ளிக்கூடம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போது பிள்ளைகள் வேறு பகுதிக்குப் போக வேண்டும். ஆகவே 1973 ஆம் ஆண்டில் கியூபெக் அரசு அந்த நிலையான திகதியைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. மாற்றம் இலகுவாக நடப்பதற்காக, 1974 ஏப்ரல் 30 ஆம் திகதி முடியவிருந்த ஒப்பந்தங்கள் யூன் 30 வரை நீடிக்கப்பட்டன. அதாவது அந்த ஒருமுறை மாத்திரம் எல்லோருக்கும் யூலை முதலாம் திகதி புது ஆண்டு தொடங்கியது.

இதிலே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். யூலை முதலாம் திகதிதான் மாற வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வாடகை ஒப்பந்தம் பன்னிரண்டு மாதம். யூலையில் தொடங்கியது யூனில் முடியும், மீண்டும் யூலையில் தொடங்கும். வீட்டுக்காரருக்கும் வசதி, குடியிருப்பவருக்கும் வசதி. அத்தோடு அது கனடா தினம், பொது விடுமுறை. சட்டம் எழுந்து போய்விட்டது, அது உட்கார்ந்திருந்த கதிரையில் பழக்கம் ஏறி இருந்துகொண்டது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு இன்றைக்கும் அப்படித்தான்.

இதற்கும் விலைக்கும் என்ன தொடர்பு? ஒரு கொம்பனியிடம் பத்து ரக் இருக்கிறதென்று வையுங்கள். ஆண்டில் பல மாதம் அவற்றில் பாதி சும்மா நிற்கும். யூன் கடைசிக் கிழமையிலும் யூலை முதலாம் திகதியிலும் ஐம்பது ரக் இருந்தாலும் போதாது. எனவே அந்த ஒரு கிழமையில் விலை இரண்டு மடங்கு, சிலவேளை அதற்கும் மேலே போகிறது. மற்ற மாதங்களின் சும்மா நிற்கும் செலவையும் யூலைக்காரர்தான் கட்டுகிறார். அன்றைக்கு 45 டொலர் 80 ஆனதன் வேர் இந்த 1974 ஆம் ஆண்டில் இருக்கிறது என்பதை நான் பின்னாளில்தான் அறிந்துகொண்டேன்.

நடைக்கணக்கு மணிக்கணக்கானது

எங்கள் ஊரில் வீடு மாறுவதற்கு மாட்டு வண்டில் பிடிப்போம், பிறகு லொறி அல்லது உழவு இயந்திரம். விலை பேசுவது நடைக்கு இவ்வளவு என்று. வண்டில்காரர் சாமானை ஒருமுறை பார்ப்பார். "ரண்டு நடை வரும்" என்பார். பேசின காசு பேசினதுதான். வழியில் சில்லு புதைந்து ஒரு மணித்தியாலம் போனால் அது வண்டில்காரர் பாடு.

மொன்றியலிலும் ஒருகாலம் இதே முறைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நகரத்தின் பொருட்கள் எல்லாம் குதிரை வண்டிலில்தான் போயின, மாரியில் சறுக்கு வண்டியில். வண்டில்காரர்களுக்கு மாநகரசபை அனுமதிப்பத்திரம் கொடுத்தது, எவ்வளவு அறவிடலாம் என்று கட்டணமும் விதித்தது. கட்டணம் பாரத்துக்கும் தூரத்துக்கும். நியூயோர்க்கிலும் அப்படியே. ஆனால் மே முதலாம் திகதி வந்தால் நகரசபையின் கட்டணப் பட்டியல் காற்றில் போய்விடும். ஒரே காலையில் ஊரே வண்டில் தேடும்போது பட்டியலைப் பார்ப்பவர் யார்? விலையைச் சட்டத்தில் எழுதினாலும் நெருக்கடி நாளில் அது நிற்காது என்பதை அந்தக் காலத்து மக்களே கண்டுவிட்டார்கள்.

வண்டில்காரர்களும் ஏழைகள்தான். 1864 ஆம் ஆண்டில் மொன்றியல் வண்டில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிராண்ட் ட்ரங்க் ரயில் கொம்பனி தன் சரக்குகளை ஏற்றி இறக்கும் வேலையை ஒரே ஒப்பந்தக்காரரிடம் கொடுத்ததுதான் காரணம். சொந்தக் குதிரையும் சொந்த வண்டிலும் வைத்திருந்த மனிதர், பெரிய கொம்பனியின் கூலியாள் ஆகிவிடுவேனோ என்று பயந்த காலம் அது. அந்தப் பயம் பொய்க்கவில்லை.

முதலாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில் மோட்டார் ரக் மெல்ல மெல்லக் குதிரையின் இடத்தைப் பிடித்தது. ரக் பெரியது. ஒரு நாலரையின் சாமான் முழுவதும் ஒரே நடையில் போய்விடும். எல்லா வீடும் ஒரு நடை என்றால் நடையை வைத்து எப்படி விலை சொல்வது? தூரமும் பெரிய விடயம் அல்ல. நகரத்துக்குள் கால் மணித்தியாலம், அரை மணித்தியாலம் ஓட்டம். செலவு முழுக்க ஆட்களின் நேரத்தில்தான். ஆகவே உள்ளூர் வீடு மாறலுக்கு மணித்தியாலம் அளவுகோல் ஆனது.

நீண்ட தூரத்துக்கு அது பொருந்தாது. தொண்ணூறுகளில் எங்கள் குடும்பங்கள் பல மொன்றியலை விட்டு ரொறன்ரோவுக்குப் போயின. ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர் அளவு தூரம். அந்தப் பயணத்துக்குக் கொம்பனிகள் நிறைக்கும் தூரத்துக்குமே விலை சொல்லும். வெறும் ரக்கை முதலில் தராசில் நிறுப்பார்கள், ஏற்றிய பிறகு மீண்டும் நிறுப்பார்கள், வித்தியாசம்தான் உங்கள் சாமான். உள்ளூரில் அப்படி நிறுக்கப் போனால் தராசுக்குப் போய்வரும் நேரத்துக்குள் வீடே மாறி முடிந்துவிடும்.

இந்த நகரத்துக்கு இன்னொரு தனித்துவம் உண்டு: வீட்டுக்கு வெளியே, முன்பக்கத்தில் வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலும் தொழிலாளர் குடும்பங்களுக்காக இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகளை வரிசை வரிசையாகக் கட்டினார்கள். படியை வெளியே போட்டால் உள்ளே இடம் மிச்சம், படிக்கூடத்தைச் சூடாக்கும் செலவும் மிச்சம். வீடு கட்டியவருக்கு மிச்சமான அந்தக் காசை, நூறு ஆண்டுகளாக வீடு மாறுபவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வளைந்த படியில் ஒரு பிறிட்ஜை ஏற்றிப் பாருங்கள், தெரியும்.

ரக்கின் உட்பக்கம்

எனக்கு அது தெரியும். 1992 கோடையில் உணவக வேலை குறைந்துவிட்டது. ஒரு நண்பர் மூலம் வீடு மாற்றும் வேலைக்குப் போனேன். என்னை ஏமாற்றிய கொம்பனி அல்ல, வேறொன்று. நாள் முடிவில் கையில் காசு. முதலாளி கியூபெக்காரர். மோசமான மனிதர் என்று சொல்லமாட்டேன். மத்தியானச் சாப்பாடு வாங்கித் தருவார். முதுகு நோகாமல் பாரத்தைத் தூக்கும் விதத்தைச் சொல்லித் தந்தவரும் அவர்தான்.

அங்கேதான் மணிக்கணக்கின் சூட்சுமத்தைக் கற்றேன். சில வேலைக்கு அவர் முழுத்தொகை பேசியிருப்பார். அன்றைக்கு "ஓடு, ஓடு" என்பார். நாங்கள் படிகளை இரண்டிரண்டாக ஏறுவோம். மணிக்கணக்கு வேலை என்றால் காலையிலேயே "டூஸ்மான்" என்பார். பிரெஞ்சில் மெதுவாக என்று பொருள். திருடச் சொல்லவில்லை. வேலை செய்யாமல் இருக்கச் சொல்லவும் இல்லை. மெதுவாக நடக்கச் சொன்னார், அவ்வளவுதான். நேரம் நீண்டால் யாருக்கு நட்டம் என்பதில்தான் இரண்டு முறைக்கும் வித்தியாசம். முழுத்தொகை என்றால் நட்டம் கொம்பனிக்கு. மணிக்கணக்கு என்றால் நட்டம் வீட்டுக்காரருக்கு.

ஒருநாள் ஒரு தமிழ் அம்மா வீட்டுக்குப் போனோம். வயது எழுபதுக்குக் கிட்ட இருக்கும். மகன் வேலைக்குப் போய்விட்டார், அம்மா தனியே. பெட்டி ஒவ்வொன்றையும் பழைய சீலையால் கட்டி முடிச்சுப் போட்டிருந்தா. நான் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரணை. பாதி ஏற்றியிருப்போம், அம்மா தட்டில் தேநீரும் வடையும் கொண்டுவந்தா.

"தம்பிமார், களைச்சுப்போனியள். இருந்து ஆறுதலாக் குடியுங்கோ. வேலை எங்கை ஓடப்போகுது?"

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டூஸ்மான்" என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை. நாங்கள் இருந்து குடித்தோம். இருபது நிமிடம். அன்றைய விலை மணித்தியாலத்துக்கு 60 டொலர். கொம்பனி அரை மணித்தியாலமாக மேலே கூட்டித்தான் கணக்கு எழுதும். அந்த இருபது நிமிடம் கணக்கை அடுத்த அரை மணித்தியாலத்துக்குள் தள்ளிவிட்டது. அம்மா தன் கையால் போட்டுத் தந்த தேநீருக்குத் தானே முப்பது டொலர் கட்டினா. பில்லைக் கொடுத்தபோது வாசிக்கத் தெரியாமல் என்னிடம் நீட்டி, "சரிதானே தம்பி?" என்று கேட்டா.

"சரிதான் அம்மா" என்றேன்.

கணக்கின்படி சரிதான். ஒரு சதமும் பிழை இல்லை. போகும்போது எனக்கும் மற்றப் பொடியனுக்கும் ஆளுக்கு ஐந்து டொலர் கையில் வைத்தா. வாங்கினேன். முதல் ஆண்டு நடைபாதையில் நின்று அழுத நான், அடுத்த ஆண்டு அதே விளையாட்டின் மறுபக்கத்தில் நின்றேன். அந்தக் கோடை முடிய அந்த வேலையை விட்டேன். மனச்சாட்சியால் விட்டேன் என்று சொன்னால் பெருமையாக இருக்கும். உண்மையில் உணவகத்தில் மீண்டும் கூப்பிட்டார்கள்.

பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருகிறேன். உள்ளூர் வீடு மாறல் பில்லில் வழமையாக இருப்பவை இவை. முதலாவது மணித்தியால விலை. அது ஒரு ஆளுக்கு அல்ல, ரக்கும் இத்தனை ஆட்களும் சேர்ந்த விலை. இரண்டாவது குறைந்தபட்ச மணித்தியாலம். இரண்டு மணித்தியாலத்தில் முடிந்தாலும் மூன்றோ நான்கோ கட்ட வேண்டும். மூன்றாவது போக்குவரத்து நேரம். ரக் தன் தரிப்பிடத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரவும், முடிந்து திரும்பவும் ஆகும் நேரம். இதைப் பலர் ஒரு மணித்தியாலமாகப் போடுவார்கள். அந்த இளைஞரின் மூன்று மணித்தியாலம் நாலாக ஆனது இதனால்தான். நாலாவது பியானோ, வோஷிங் மெசின் போன்ற பாரமான பொருட்களுக்கும் மாடிக்கும் மேலதிகம். ஐந்தாவது பெட்டி, மெத்தை உறை. கடைசியாக வரி. கியூபெக்கில் இரண்டு வரியும் சேர்த்து 14.975 வீதம்.

குறைந்த மணித்தியால விலைதான் மலிவு என்பது பெரிய தவறு. கணக்குக்காக ஓர் உதாரணம் வைப்போம். ஒரு கொம்பனி மூன்று ஆளுக்கு 120 டொலர் கேட்கிறது. மற்றது இரண்டு ஆளுக்கு 95 டொலர். மூன்று பேர் ஐந்து மணித்தியாலத்தில் முடிப்பார்கள். போக்குவரத்து ஒன்று சேர்த்து ஆறு, 720 டொலர், வரியோடு 827 டொலர் 82 சதம். மாடி வீட்டில் இரண்டு பேர் என்றால் ஒருவர் ரக்கில் அடுக்க, ஒருவர் படியில் தனியே நிற்பார். ஏழரை மணித்தியாலம் போகும். போக்குவரத்தோடு எட்டரை, 807 டொலர் 50 சதம், வரியோடு 928 டொலர் 42 சதம். விலை கூடிய கொம்பனிதான் நூறு டொலர் மலிவு.

சட்டம் எங்களைக் கைவிடவில்லை. 1994 யனவரி முதல் நடைமுறையில் உள்ள கியூபெக் குடியியல் சட்டக்கோவையின்படி, ஒப்பந்தம் செய்யும்போது விலையை மதிப்பிட்டுச் சொன்னவர், பிறகு கூட்டினால் காரணம் காட்ட வேண்டும். முன்கூட்டியே அவரால் எதிர்பார்க்க முடியாமல் போன வேலைக்கோ செலவுக்கோ மட்டும்தான் கூடுதலாகக் கட்டும் கடமை எங்களுக்கு உண்டு. மூன்றாம் மாடி என்று முதலே சொல்லியிருந்தால், மாடியைக் காரணம் காட்டி அவர் கூட்ட முடியாது. விளம்பரம் செய்த விலையைவிடக் கூட அறவிடுவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. ஒன்ராறியோவில் 2005 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம், ஒப்பந்தத்தில் எழுதிய மதிப்பீட்டுக்கு மேல் பத்து வீதம்வரைதான் கூட்டலாம் என்று எல்லை போட்டது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. பொருளை ஏற்றிச் செல்பவர் தன் கூலி கிடைக்கும்வரை பொருளைத் தடுத்து வைக்கலாம் என்று அதே சட்டக்கோவை சொல்கிறது. 1991 இல் என் சாமான் ரக்குக்குள் இருந்தபோது இந்தச் சட்டக்கோவை வரவில்லை. ஆனால் இன்றைக்கும் கதவு மூடியிருக்கும்போது வாதாடுவது கடினம். எனவே வாதாட வேண்டிய நேரம் சாமான் ஏற்றுவதற்கு முன்னர்தான். எழுத்தில் வாங்குங்கள். எந்த மாடி, படி உள்ளேயா வெளியேயா, பாரமான சாமான் எவை என்று நீங்கள் சொன்னதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். அப்படியும் அநியாயம் நடந்தால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கியூபெக்கில் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் 15,000 டொலர்வரை சட்டத்தரணி இல்லாமலே வழக்குப் போடலாம்.

யூலை முதலாம் திகதியைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் சில நாள் முந்தியோ பிந்தியோ, கிழமை நடுவில் மாறுங்கள். அண்மை ஆண்டுகளில் வீட்டுத் தட்டுப்பாடு கூடி, யூலை முதலாம் திகதி வந்தும் புது ஒப்பந்தம் கிடைக்காமல் நிற்கும் குடும்பங்களைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். அவர்களுக்கு நாள் பார்க்கும் வசதி இல்லை. அப்படி யாராவது உங்கள் அயலில் இருந்தால், ஒரு வானும் நாலு பொடியன்மாரும் போதும். என் ரக் கதவு திறந்ததும் ஐந்து வீட்டுக் காசால்தான்.

முக்கியமான கடதாசிகளை ஒருநாளும் ரக்கில் ஏற்றாதீர்கள். கடவுச்சீட்டு, குடிவரவுக் கோப்பு, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் உங்கள் கைப்பையில், உங்கள் தோளில் வரட்டும். இது ஊரில் இடம்பெயர்ந்தபோதே எங்கள் தாய்மார் கற்றுத்தந்த பாடம். நான்தான் நகரத்துக்கு வந்து மறந்துபோனேன்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அம்மாவைக் கோயிலில் ஒருமுறை கண்டேன். அடையாளம் கண்டு, "சாமான் தூக்கின தம்பியெல்லே?" என்று கையைப் பிடித்துக்கொண்டா. மகனிடம், "நல்ல பிள்ளையள், ஆறுதலாப் பாத்துப் பாத்துத் தூக்கினவை" என்று சொன்னா. அந்த முப்பது டொலரைப் பற்றி அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது அவ இல்லை.

வீட்டுக்கு வேலை செய்ய வந்தவருக்கு வாய் நனைக்கக் கொடுப்பது எங்கள் பண்பாடு. அதை விட்டுவிடச் சொல்லமாட்டேன். ஆனால் தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள். கடைசிப் பெட்டி இறங்கட்டும். நேரத்தை எழுதி, கணக்கை மூடி, கையெழுத்து வைக்கட்டும். அதன் பிறகு தேத்தண்ணியைக் கொடுங்கோ. அப்போதுதான் அது தேத்தண்ணி.